ஒரு லைப்ரரி, பல மொழிகள்: நடுவில் நிற்கும் சி

செல்வி என்ற பெயரை நாம் காகிதத்தில் எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பைப் போடுகிறோம், பிறகுதான் ச. பழைய தட்டச்சுப் பொறியிலும் அப்படியே; கொம்பைத் தட்டிவிட்டுத்தான் எழுத்துக்குப் போக வேண்டும். இன்றைய கணிப்பொறியும் செல்பேசியும் பின்பற்றும் யூனிகோடு முறையிலோ இது தலைகீழ். அங்கே உச்சரிப்பு வரிசைதான் கணக்கு. ச, கொம்பு, ல, புள்ளி, வ, மேல்விலங்கு என்று ஆறு குறியீடுகளாக அந்தப் பெயர் நினைவகத்தில் இருக்கும். கொம்பைத் தூக்கி ச-வுக்கு முன்னால் வைத்துத் திரையில் காட்டுவது வேறு ஒருவருடைய வேலை. அந்த வேறு ஒருவர் இல்லாத மென்பொருளில் கொம்பு ச-வைத் தாண்டி, ல-வுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

மும்பையில் நம்மவர் நடத்தும் விழாக்களின் பேனர்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் இப்படி உடைந்த தமிழைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அச்சடித்துக் கொடுப்பவர் மராட்டியராகவோ குஜராத்தியாகவோ இருப்பார். அவர் கண்ணுக்குக் கொம்பு எங்கே நின்றாலும் ஒன்றுதான். நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. வீட்டில் பேச்சு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்து என்று கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஏழு வயதுக் குழந்தை, தன் பெயரே தப்பாக அச்சாகி வந்ததைப் பார்த்தால் தான் படித்தது தவறோ என்றுதான் நினைக்கும்.

எங்கள் தமிழ் வகுப்பில் ஆண்டு முடிவில் சான்றிதழ் கொடுக்கிற வழக்கம் உண்டு. வகுப்புக்கு உதவியாக வரும் ஓர் இன்ஜினியரிங் மாணவி, பெயர்களைத் தானே சான்றிதழில் பதிக்கும் ஒரு நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினாள். படம் வரையும் ஏதோ ஒரு தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தாள். செல்வியும் பொன்னியும் உடைந்து வந்தார்கள். "அங்கிள், எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். இதுக்குத்தான் தெரியலை" என்றாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததையே இங்கே பாடமாக எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், தங்கள் செல்பேசிக்குள் நடக்கும் ஒரு வேடிக்கை புரியும்.

எழுத்துகளை அடுக்கிக் கொடுக்கும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி. பெயர் பாரசீகம், ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்த என்று பொருள். நெடுங்காலமாக இதை முன்னின்று வளர்த்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு செல்பேசி, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் ஆகியவற்றில் நீங்கள் ஒழுங்கான தமிழைப் பார்க்கிறீர்கள் என்றால் உள்ளே இதுதான் வேலை செய்கிறது. 'கொ' என்ற ஓரெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் அது இரண்டு குறியீடு, யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். ஹார்ஃப்பஸ் அதை வாங்கிக்கொண்டு கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று வடிவங்களாக, எது எத்தனை தள்ளி நிற்க வேண்டும் என்ற அளவோடு திருப்பிக் கொடுக்கிறது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹார்ஃப்பஸ் எழுதப்பட்டிருப்பது சி பிளஸ் பிளஸ் மொழியில். நம் மாணவியின் நிரல் பைத்தானில். ஆண்ட்ராய்டுக்கு மேல் ஓடும் செயலிகள் ஜாவாவிலும் காட்லினிலும். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. "பைத்தானிலேயே இன்னொரு தடவை எழுதிட்டா என்ன?" என்று அவள் கேட்டாள். எழுதலாம். ஆனால் உலகத்து எழுத்து முறைகள் அத்தனைக்கும், எழுத்துரு வடிவமைப்பாளர்கள் செய்யும் அத்தனை விசித்திரங்களுக்கும் ஈடுகொடுக்கப் பல ஆண்டு உழைப்பு போயிருக்கிறது. மொழிக்கு ஒன்றாக அதைத் திரும்ப எழுதினால் பத்துப் பிரதிகள், பத்து விதப் பிழைகள். ஒரு பிரதி இருக்கட்டும், எல்லாரும் அதைக் கூப்பிடட்டும் என்பதே புத்திசாலித்தனம். கூப்பிடுவதற்கு ஒரு பொதுவான பேச்சு வேண்டும். அந்தப் பொதுப் பேச்சுதான் சி.

பம்பாய் இந்தி

இணைப்பு மொழி என்றதும் 1965-ஐ நினைத்துக்கொண்டு யாரும் கொடி பிடிக்க வேண்டாம். நான் சொல்வது இந்த ஊர்ச் சந்தையில் நடப்பதை. காய்கறிக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர், வாங்குகிற நாம் திருநெல்வேலி, பக்கத்தில் நிற்கும் அம்மாள் கட்ச் குஜராத்தி. மூவரும் பேசுவது பம்பாய் இந்தி. அதில் ஆண்பால் பெண்பால் பார்ப்பதில்லை. மரியாதைப் பன்மை அநேகமாகக் கிடையாது. 'மேரே கோ நை மாங்தா' என்றால் காரியம் முடிந்தது. எண்ணிக்கை, பொருள், கொடு, எடு இவ்வளவுதான் மிச்சம். நம் வீட்டுத் தமிழின் நயம் எதுவும் அந்த வழியாகப் போகாது. ஆனால் கத்தரிக்காய் வந்துவிடும்.

சி மொழியும் அப்படித்தான். பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் உருவாக்கிய மொழி; 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளமே அதில் மாற்றி எழுதப்பட்டது. அன்று முதல் இயங்குதளத்தோடு பேசுவதென்றால் சியின் வழக்கப்படி என்றாகிவிட்டது. ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளை எந்த ரெஜிஸ்டரில் வைப்பது, விடையை எங்கிருந்து எடுப்பது என்பவை எல்லாம் ஒவ்வொரு இயங்குதளத்திலும் சியை முன்வைத்து வகுத்த விதிகள். இன்டெல் வகை 64 பிட் லினக்ஸில் முதல் ஆறு முழு எண்கள் ரெஜிஸ்டர்களில் போகின்றன, விண்டோஸில் நான்குதான். இதையெல்லாம் நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கம்பைலர் பார்த்துக்கொள்ளும். தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த எல்லையைக் கடந்து போகக்கூடியவை எண்களும் நினைவக முகவரிகளும் அவற்றாலான எளிய கட்டமைப்புகளும் மட்டுமே என்பது. சி பிளஸ் பிளஸ்ஸின் வகுப்புகள், ரஸ்ட்டின் உரிமை விதிகள், பைத்தானின் பட்டியல்கள் எல்லாம் எல்லையில் இறங்கிக்கொள்ள வேண்டியவை.

இப்படி ஒரு மொழியில் எழுதிய லைப்ரரிக்குச் சியில் ஒரு முகப்பு கட்டி, மற்ற மொழிகளிலிருந்து அந்த முகப்பின் வழியாகக் கூப்பிடும் ஏற்பாட்டுக்குத்தான் பைண்டிங், தமிழில் பிணைப்பு, என்று பெயர்.

பெயரில் ஆரம்பிக்கும் தகராறு

சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியக் கம்பைலர் பெயரோடு ஒட்டுச் சேர்க்கும். இரண்டு முழு எண்களைக் கூட்டும் 'ஆட்' என்ற ஃபங்ஷன், ஜிசிசி கம்பைலரில் '_இஸட்3ஆட்ஐஐ' என்ற உருவத்தில் வெளிவரும். 3 என்பது பெயரின் நீளம், இரண்டு 'ஐ'யும் இரண்டு முழு எண்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் அதையே வேறு மாதிரி முறுக்கும். வெளியிலிருந்து தேடுகிறவன் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான்? அதனால்தான் முகப்பில் வைக்கும் ஃபங்ஷன்களுக்கு முன்னால் 'எக்ஸ்டர்ன் சி' என்று எழுதுகிறார்கள். ஒட்டுச் சேர்க்காதே, இட்ட பெயரை அப்படியே விடு என்று பொருள்.

அப்படி விட்டால் இன்னொரு தொல்லை. சியில் எல்லாப் பெயரும் ஒரே கூடத்தில். 'கிரியேட்' என்று இரண்டு லைப்ரரிகள் பெயர் வைத்தால் மோதும். சர்நேம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நம் பிள்ளைகள் திண்டாடும் ஊர் இது. இங்கே நம் இனிஷியல் வழக்கம் கைகொடுக்கிறது. ஹார்ஃப்பஸ்ஸின் ஃபங்ஷன் ஒவ்வொன்றும் ஹெச்பி என்ற இனிஷியலோடுதான் பிறக்கிறது: ஹெச்பி_பஃபர்_கிரியேட், ஹெச்பி_ஷேப், ஹெச்பி_பஃபர்_டெஸ்ட்ராய். பார்க்க அழகில்லை. ஆனால் கூட்டத்தில் தொலையாது.

டோக்கனும் அறைவாசிகளும்

அடுத்தது, உள்ளே இருக்கும் பொருளை வெளியே எப்படிக் கொடுப்பது? கொடுக்கவே கூடாது. ரயில் நிலையத்துச் சாமான் அறையில் பெட்டியைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருகிறார்கள். பெட்டி எந்த அலமாரியில், எதன் அடியில் என்பது நமக்குத் தேவையில்லை. ஹெச்பி_பஃபர்_கிரியேட் தருவதும் டோக்கன்தான். நினைவகத்தில் எங்கோ இருக்கும் பஃபரின் முகவரி. அதை உடைத்து உள்ளே பார்க்கும் வழி சி முகப்பில் வைக்கப்படவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமானால் டோக்கனை நீட்டி அதற்குரிய ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். இதனால் ஆசிரியர்கள் உள்ளே எதை மாற்றி அடுக்கினாலும் வெளியே இருக்கும் நிரல்கள் உடைவதில்லை.

பைத்தானில் சிடைப்ஸ் என்ற கருவி 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே கூடவே கிடைக்கிறது. தனியாகச் சி நிரல் எதுவும் எழுதாமல், ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானிலிருந்தே லைப்ரரியைக் கூப்பிடலாம். வசதிதான், ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால், எந்த ஃபங்ஷனும் சாதாரண முழு எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று எடுத்துக்கொள்ளும். சியின் முழு எண் வழக்கமாக 32 பிட். டோக்கனாக வரும் முகவரியோ 64 பிட். பாதி டோக்கன் கிழிந்து போய்விடும்! கிழிந்த டோக்கனோடு போனால் நிரல் அந்த இடத்திலேயே செத்துவிடும். பிழைச் செய்தியும் உருப்படியாக இராது. 'ரெஸ்டைப்' என்பதில் இது முகவரி என்றும், 'ஆர்க்டைப்ஸ்' என்பதில் எந்தெந்த மதிப்புகள் உள்ளே போகின்றன என்றும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எழுதிவைப்பதுதான் முதல் கடமை. என் வகுப்பில் இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போக நான் விடுவதில்லை.

பெட்டியைத் திருப்பி எடுப்பது யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பைத்தானிலும் ஜாவாவிலும் வேண்டாத பொருள்களைத் தானே கூட்டிப் பெருக்கும் ஏற்பாடு உண்டு. சியின் எல்லைக்கு அப்பால் அந்தத் துடைப்பம் நீளாது. ஹார்ஃப்பஸ் வைத்திருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்குகிறார்கள் என்று வையுங்கள், நம்மவர்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் தங்கியதைப்போல. ஒருவர் புறப்பட்டுப் போவதால் அறை காலியாகாது. கடைசியாகப் போகிறவர்தான் விளக்கை அணைத்துப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு. கிரியேட் செய்யும்போது 1. ரெஃபரன்ஸ் என்ற ஃபங்ஷன் ஒன்று கூட்டும், டெஸ்ட்ராய் ஒன்று கழிக்கும். பூஜ்யமானால் நினைவகம் திரும்பப் போகும். டெஸ்ட்ராய் என்ற பெயர் பயமுறுத்தினாலும், 'என் பங்கு முடிந்தது' என்பதே அதன் பொருள். எழுத்துருக் கோப்பைத் திறந்து அதிலிருந்து ஃபேஸ் என்ற பொருளை உண்டாக்கிய உடனே, கோப்பின் டோக்கனை நாம் டெஸ்ட்ராய் செய்துவிடலாம். ஃபேஸ் தன் பங்குக்கு ஓர் இடம் பிடித்திருக்கும், ஆகவே கோப்பு இருந்துகொண்டே இருக்கும்.

கழிக்க மறந்தால் அறை என்றைக்கும் பூட்டியே கிடக்கும், நினைவகம் கசியும். இரண்டு தடவை கழித்தால் உள்ளே ஆள் இருக்கும்போதே அறையை இடித்ததாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. எழுத்துருவின் பைட்டுகளைப் பைத்தான் தன்னிடம் வைத்துக்கொண்டு, முகவரியை மட்டும் ஹார்ஃப்பஸ்ஸுக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பைத்தானின் துடைப்பக்காரன், இதை யாரும் பயன்படுத்தவில்லையே என்று அந்தப் பைட்டுகளைப் பெருக்கித் தள்ளிவிடலாம். ஹார்ஃப்பஸ் அங்கே போய்ப் படிக்கும்போது வேறு ஏதோ இருக்கும். பிணைப்பு எழுதுகிறவர் அந்தப் பைட்டுகளை உயிரோடு பிடித்து வைத்திருக்க வேண்டும், அல்லது ஒரு நகல் எடுத்துக்கொள் என்று லைப்ரரிக்குச் சொல்ல வேண்டும். ஹெச்பி_பிளாப்_கிரியேட்டில் இரண்டுக்கும் வழி உண்டு. பைத்தான் ஃபங்ஷன் ஒன்றைச் சி கூப்பிடட்டும் என்று கொடுத்தாலும் இதே கவனம் தேவை.

இருபது பைட்

நம் மாணவி இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாள். பஃபரில் பெயரைப் போட்டாள், ஹெச்பி_ஷேப்பைக் கூப்பிட்டாள், விடையை வாங்கினாள். 'செல்வி'யின் முதல் வடிவம் சரியாக வந்தது: கொம்பு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் குப்பை.

இதை மெதுவாகப் பாருங்கள், பாடத்தின் மையமே இதுதான். விடையாக வரும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சிறு கட்டமைப்பு. அதில் வடிவத்தின் எண், மாஸ்க், கிளஸ்டர் என்று மூன்று புலங்கள். ஒவ்வொன்றும் நான்கு பைட். அவற்றுக்குப் பின் லைப்ரரி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் இரண்டு புலங்கள், அவையும் நான்கு நான்கு பைட். ஆக மொத்தம் இருபது. கடைசி இரண்டும் நமக்கில்லை என்று அவள் பைத்தான் பக்கத்தில் மூன்றை மட்டும் எழுதியிருந்தாள். பைத்தானின் கணக்கில் ஒரு கட்டமைப்பு பன்னிரண்டு பைட் ஆகிவிட்டது. முதல் வடிவம் பூஜ்யத்தில் தொடங்குவதால் தப்பித்தது. இரண்டாவதைப் பைத்தான் பன்னிரண்டாம் பைட்டில் தேடியது. அது உண்மையில் இருப்பது இருபதாம் பைட்டில். ஆகவே முதல் வடிவத்தின் சொந்தப் புலத்தை இரண்டாம் வடிவத்தின் எண்ணாக எடுத்துக்கொண்டது. இரண்டாம் வடிவத்தின் உண்மையான எண் கிளஸ்டர் என்ற இடத்தில் வந்து உட்கார்ந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. சி எல்லையில் காவலர் கிடையாது; இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் எல்லாம் நடக்கிறது.

விட்ட இரண்டு புலங்களையும் அவள் சேர்த்தாள். வடிவங்கள் நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லும் கட்டமைப்பிலும் நான்கு அளவுகளும் ஒரு சொந்தப் புலமும் உண்டு, அதுவும் இருபது பைட், அதையும் சரிபார்த்தாள். செல்வி செல்வியாகவே வந்தாள். பைத்தானுக்கு யூஹார்ஃப்பஸ் என்று ஆயத்தப் பிணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சான்றிதழ் அச்சிட அதுவே போதும். ஆனால் அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்த இருபது பைட் கதை அவளுக்குத் தெரிந்திருக்காது.

பிழை நேர்ந்தால்

சி பிளஸ் பிளஸ் மொழியில் தவறு நேர்ந்தால் எக்ஸப்ஷன் என்று ஒன்றை வீசலாம், பைத்தானிலும் உண்டு. ஒன்றின் எக்ஸப்ஷனை மற்றது பிடிக்க முடியாது. எல்லையைத் தாண்டி வீசினால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஹார்ஃப்பஸ் அந்த வழக்கத்தையே உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. நினைவகம் போதாமல் பஃபர் உண்டாக்க முடியாவிட்டால், எதுவும் செய்யாத ஒரு வெற்றுப் பஃபரைத் தரும். அதை எப்படிக் கையாண்டாலும் நிரல் சாகாது. சரியாகக் கிடைத்ததா என்று கேட்க ஒரு ஃபங்ஷன் தனியாக இருக்கிறது. எனக்கு இந்த வழி முழு சம்மதமில்லை, கேட்க மறப்பவர்கள்தான் அதிகம் என்பதால். இருந்தாலும் செல்பேசி நடுவழியில் அணைந்துபோவதைவிட இது மேல்.

புதிதாக லைப்ரரி எழுதுகிறவர்கள் இப்போது ரஸ்ட் மொழியை நாடுகிறார்கள். அங்கும் வெளியுலகத்துக்கான வாசல் சிதான். பெயரை முறுக்காதே என்பதற்கு 'நோ_மேங்கிள்', கட்டமைப்பைச் சியின் வரிசையில் அடுக்கு என்பதற்கு 'ரெப்ர் சி' என்று குறிகள் உண்டு. ரஸ்ட்டின் பேனிக் என்ற அவசரநிலை 'எக்ஸ்டர்ன் சி' ஃபங்ஷனைத் தாண்டி வெளியேற முயன்றால், 2024-இல் வந்த 1.81 பதிப்பிலிருந்து நிரல் அங்கேயே நிறுத்தப்படுகிறது. ரஸ்ட் ஒதுக்கிய நினைவகத்தைச் சியின் 'ஃப்ரீ'யிடம் கொடுத்து அழிக்கச் சொல்லக் கூடாது. யார் ஒதுக்கினாரோ அவரிடமே திருப்பித் தர வேண்டும். எஸ்விஜி படங்களை வரையும் லிப்ஆர்எஸ்விஜி என்ற லைப்ரரியை ஃபெடரிகோ மேனா கின்டெரோ 2016 முதல் சியிலிருந்து ரஸ்ட்டுக்குப் படிப்படியாக மாற்றினார். உள்ளே மொழியே மாறியது, வெளியே சி முகப்பு நிலைத்தது. பயன்படுத்திய மென்பொருள்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தன.

எழுத்தை எண்ணுவது

கிளஸ்டர் என்ற புலத்தை மேலே சொல்லி விட்டுவிட்டேன். இந்த வடிவம் மூலச் சொல்லின் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை அது சொல்கிறது. நீங்கள் திரையில் ஓர் எழுத்தைத் தொட்டால் கர்சர் சரியான இடத்தில் நிற்பதற்கு இது வேண்டும். 'கொடி' என்ற சொல்லை யூடிஎஃப்-8 ஆகக் கொடுத்தால் பன்னிரண்டு பைட். கொம்பு, க, கால் மூன்றுக்கும் கிளஸ்டர் 0, 'டி'க்கு 6. பைத்தானோ சொற்களைக் குறியீட்டுக் கணக்கில் எண்ணுகிறது. அதன் பார்வையில் ட இருப்பது 2-ஆம் இடத்தில். 6 என்று வந்ததை அப்படியே பைத்தானில் பயன்படுத்தினால் சொல்லைத் தாண்டி எங்கோ போய்விடும். ஜாவாவுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் யூடிஎஃப்-16. தமிழ் எழுத்துகளுக்கு அங்கும் 2 என்றே வரும், ஆகவே இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடத் தோன்றும். ஆனால் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்த மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் யூடிஎஃப்-16 முறையில் ஒவ்வொன்றும் இரண்டு இடம் பிடிக்கும். தாத்தாவின் பழைய நிலக் கணக்கைத் தட்டச்சு செய்யும்போது கர்சர் ஓரிடம் தள்ளி நிற்கும். இதற்காகவே ஹார்ஃப்பஸ்ஸில் யூடிஎஃப்-8, 16, 32 மூன்றுக்கும் தனித்தனி வாசல் வைத்திருக்கிறார்கள். தன் மொழி எதில் எண்ணுகிறதோ அந்த வாசல் வழியாகப் போக வேண்டியது பிணைப்பு எழுதுகிறவரின் பொறுப்பு.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: 'பொன்னி', 'கௌரி', 'மொழி' மூன்றையும் யூடிஎஃப்-8 வாசல் வழியாகக் கொடுத்து, வரும் வடிவங்களின் எண்ணிக்கையையும் கிளஸ்டர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதே சொற்களை யூடிஎஃப்-32 வாசல் வழியாகக் கொடுத்துப் பாருங்கள். எண்ணிக்கை மாறாது, கிளஸ்டர் மாறும். வேறு இரண்டு எழுத்துருக்களில் இதையே செய்து எண்ணிக்கை மாறுகிறதா என்றும் பாருங்கள். 'கௌ'வில் வரும் வலப்பக்கக் குறிக்கும் ள என்ற எழுத்துக்கும் வடிவ எண் ஒன்றா, வெவ்வேறா என்று கவனித்து எழுதியவர்கள் தாளை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.